ஜெல்லிமீன் முகிலின் சாட்சியம்

உள்ளங்கையை வானம் பார்க்க விரித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணுங்கள். எண்ணுக்கு ஒன்று என்ற கணக்கில், மியூவான் என்னும் நுண்துகள் அந்தக் கையைத் துளைத்துக்கொண்டு கீழே போகிறது. வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாலும் இதே கதைதான். வலி இல்லை, சூடு இல்லை, தழும்பு இல்லை. விண்வெளியிலிருந்து பாய்ந்து வந்த ஒரு புரோட்டான், வளிமண்டலத்தின் மேல்தட்டில் காற்றணு ஒன்றின் மீது மோதிச் சிதறியபோது பிறந்தது அந்த மியூவான். அப்படி வந்து மோதுகிறவற்றுக்குத்தான் காஸ்மிக் கதிர்கள் என்று பெயர்.

கதிர் என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, அவை துகள்கள். நூற்றுக்குத் தொண்ணூறு புரோட்டான்கள். மீதியில் பெரும்பங்கு ஹீலியம் அணுக்கருக்கள். கீழடியின் வயதைக் கணிக்க உதவியதும் இவைதான். இந்த மோதல்களில் கிளம்பும் நியூட்ரான்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கார்பன்-14 ஆக மாற்றுகின்றன. மரம் அதைக் காற்றிலிருந்து இழுத்துக்கொள்கிறது. மரம் வெந்து கரியாகிறது. கரி மண்ணுக்குள் போகிறது. கீழடிக் குழியில் கிடைத்த கரியில் மிஞ்சியிருந்த கார்பன்-14 அளவைப் பார்த்துத்தான், 2019-இல் வெளியான தமிழ்நாடு தொல்லியல் துறை அறிக்கை கி.மு. 580 என்ற காலத்தைச் சொன்னது.

சரி, இந்தத் துகள்கள் எங்கிருந்து புறப்படுகின்றன? கேள்வி பிறந்து நூறாண்டு கழித்துத்தான், அதில் ஒரு பகுதிக்காவது மறுக்க முடியாத விடை கிடைத்தது.

1912 ஆகஸ்ட் 7 அன்று, ஆஸ்திரிய இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் ஹைட்ரஜன் பலூன் ஒன்றில் ஏறினார். காற்றில் மின்னூட்டம் உண்டாக்கும் கதிர்வீச்சு பூமியின் பாறைகளிலிருந்துதான் கிளம்புகிறது என்று அன்று பலர் நம்பினார்கள். அப்படியென்றால் மேலே போகப் போக அது குறைய வேண்டும். ஹெஸ் 5,000 மீட்டரைத் தாண்டினார். கருவி காட்டிய அளவு கூடிக்கொண்டே போனது. கதிர்வீச்சு மேலிருந்து வருகிறது என்று அவர் முடிவுகட்டினார். 1936-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மேலிருந்து என்றால் எங்கிருந்து? இங்கேதான் சிக்கல். புரோட்டானுக்கு மின்னூட்டம் உண்டு. நம் பால்வீதி முழுக்கக் காந்தப்புலம் உண்டு. மின்னூட்டமுள்ள துகளைக் காந்தப்புலம் வளைத்துவிடும். பல லட்சம் ஆண்டுகள் வளைந்து வளைந்து சுற்றிய பிறகு நம்மை வந்தடையும் புரோட்டான், எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதற்கு அர்த்தமில்லை. அனுப்பியவர் முகவரி அழிந்துபோன தபால் அது.

முகவரி தெரியாவிட்டாலும் ஊகம் இருந்தது. 1934-இல் வால்டர் பாடே, ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி என்ற இருவர், பெரிய விண்மீன்கள் வெடிக்கும் சூப்பர்நோவாக்களே காஸ்மிக் கதிர்களின் பிறப்பிடம் என்றார்கள். கணக்கும் அதற்கு ஒத்துவந்தது. நம் பால்வீதியில் நூறாண்டுக்கு இரண்டு மூன்று சூப்பர்நோவாக்கள் வெடிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் வெளியே தள்ளும் பொருளின் இயக்க ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு துகள்களுக்குப் போனால் போதும், காஸ்மிக் கதிர்களின் மொத்த ஆற்றலுக்கும் கணக்கு நேராகிவிடும். வேறு எந்த வேட்பாளரும் இவ்வளவு எளிதாகக் கணக்குக் காட்டியதில்லை. ஆனால் வரவு செலவு ஒத்துப்போவது வேறு, கையும் களவுமாகப் பிடிப்பது வேறு.

வெடிப்பில் துகளுக்கு வேகம் எப்படி ஏறுகிறது என்பதற்கு 1970-களின் கடைசியில் தெளிவான விளக்கம் வந்தது. வெடித்த விண்மீனின் பொருள் நொடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் விரிகிறது. அதன் முகப்பில் ஓர் அதிர்வலை ஓடுகிறது. அந்த அலையின் இருபுறமும் கலங்கிக் கிடக்கும் காந்தப்புலங்கள், புரோட்டானை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பி விடுகின்றன. இரண்டு பேர் மட்டையைப் பிடித்துக்கொண்டு, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தபடியே பந்தை அடித்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு அடிக்கும் பந்தின் வேகம் கூடும். புரோட்டானும் அப்படித்தான். அலையைத் தாண்டித் தாண்டி வேகம் ஏறி, ஒரு கட்டத்தில் அகப்படாமல் வெளியே பறந்துவிடுகிறது.

விளக்கம் அழகாக இருந்தது. இனி வேண்டியது நேர்ச்சாட்சி. வளையாமல் நேராக வரும் ஒன்று அந்த இடத்திலிருந்தே செய்தி கொண்டுவர வேண்டும். காமாக் கதிர் அப்படிப்பட்டது. அது ஒளிதான், ஆனால் நம் கண் காணும் ஒளியைவிடப் பல கோடி மடங்கு ஆற்றல் கொண்டது. மின்னூட்டம் இல்லாததால் காந்தப்புலம் அதைத் தொடுவதில்லை.

வேகமேறிய புரோட்டான், விண்வெளியில் மிதக்கும் வாயு மேகத்தில் இன்னொரு புரோட்டானை மோதினால், நடுநிலைப் பையான் என்ற துகள் பிறக்கும். அதற்கு ஆயுள் மிகக் குறைவு. ஒரு நொடியைக் கோடி கோடியாக வகுத்து, அதிலும் ஒரு பங்கை நூறாக வகுத்தால் வருகிற அளவு நேரத்தில் அது உடைந்து இரண்டு காமாக் கதிர்களாகிவிடும். நின்ற நிலையில் உடைந்தால் ஒவ்வொன்றுக்கும் 67.5 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல். பையான்கள் பல வேகங்களில் ஓடுவதால் இந்த ஆற்றல் பரந்துபோகும். ஆனாலும் சுமார் 200 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே வந்ததும் காமாக் கதிர்களின் அளவு சடாரென்று சரியும். அந்தச் சரிவுதான் புரோட்டானின் கைரேகை. எலெக்ட்ரான்களாலும் காமாக் கதிரை உண்டாக்க முடியும். ஆனால் அவை உண்டாக்கும் கதிர்களில் இப்படிச் சரிவு இருக்காது. வானில் காமாக் கதிர் தெரிந்தவுடனே புரோட்டான் என்று யாரும் குதிக்காமல் பல ஆண்டுகள் பொறுத்திருந்ததற்குக் காரணம் இதுதான்.

சரிவைத் தேட இரண்டு இடங்கள் தோதாக இருந்தன. ஒன்று ஐ.சி. 443. மிதுன ராசியில், சுமார் 5,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. தொலைநோக்கிப் படத்தில் குடையும் விழுதுமாக, நம் கடற்கரையில் சொறி என்பார்களே, அந்த ஜெல்லிமீனைப் போலவே இருப்பதால் ஜெல்லிமீன் முகில் என்று அழைக்கிறார்கள். மற்றொன்று கழுகு விண்மீன் கூட்டத்திலுள்ள டபிள்யூ 44; ஏறக்குறைய 10,000 ஒளியாண்டு தொலைவு. இரண்டும் வெடித்துப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆன பழைய எச்சங்கள். இரண்டுமே அடர்ந்த வாயு மேகங்களில் முட்டிக்கொண்டிருக்கின்றன. மோதுவதற்கு ஆள் நிறைய இருந்தால்தானே பையான் நிறையப் பிறக்கும்.

முதல் அடையாளத்தைக் கண்ட கருவிக்கு நம் பக்கத்தோடு ஓர் உறவு உண்டு. இத்தாலியின் அஜிலே செயற்கைக்கோள், 352 கிலோ எடை, 2007 ஏப்ரல் 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-8 ராக்கெட்டில் போனது. பக்கவாட்டு உந்துகலங்கள் இல்லாமல் பி.எஸ்.எல்.வி. பறந்தது அதுவே முதல்முறை. பழவேற்காடு ஏரிக்கரையிலிருந்து கிளம்பிய அந்தச் சிறிய கருவிதான், டபிள்யூ 44-இன் காமாக் கதிர்கள் குறைந்த ஆற்றலில் சரிவதை 2011-இல் காட்டியது. 2024 பிப்ரவரியில் அஜிலே வளிமண்டலத்துக்குள் விழுந்து எரிந்துபோனது. இந்தியாவில் இந்தச் செய்தி அதிகம் பேசப்படவில்லை, பேசியிருக்க வேண்டும்.

ஐயத்துக்கு இடமில்லாத சான்று நாசாவின் ஃபெர்மி தொலைநோக்கியிடமிருந்து வந்தது. தொலைநோக்கி என்றவுடன் ஆடியையும் குழாயையும் நினைக்க வேண்டாம். காமாக் கதிரை எந்த ஆடியாலும் குவிக்க முடியாது, ஊடுருவிப் போய்விடும். எனவே ஃபெர்மியில் டங்ஸ்டன் தகடும் சிலிக்கான் தகடும் மாறி மாறி அடுக்கிய 16 கோபுரங்களை நிறுத்தியிருக்கிறார்கள். டங்ஸ்டனில் பட்ட காமாக் கதிர் மறைந்து, ஓர் எலெக்ட்ரானும் ஒரு பாசிட்ரானும் பிறக்கின்றன. அந்த இரட்டைப் பிள்ளைகள் சிலிக்கான் தகடுகளில் போட்டுவிட்டுப் போகும் தடத்தைப் பின்னோக்கி நீட்டினால் வானில் திசை கிடைக்கும். அடியிலுள்ள சீசியம் அயோடைடு படிகங்களில் அவை ஓய்ந்து விழும்போது ஆற்றல் தெரியும். மொத்தத்தையும் 89 பிளாஸ்டிக் ஓடுகள் போர்வைபோல் மூடியிருக்கின்றன. மின்னூட்டமுள்ள காஸ்மிக் கதிர் நுழைந்தால் ஓடு மினுங்கும், காமாக் கதிர் நுழைந்தால் மினுங்காது. காமாக் கதிர்களைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமாக வந்து மோதும் துகள்களை வாசலிலேயே அடையாளம் கண்டு ஒதுக்குவது அந்தப் போர்வைதான்.

இத்தனை இருந்தும், தேடிய சரிவு இருக்கும் இடம் ஃபெர்மிக்குப் பார்வை மங்கும் இடம். 100 மெகா எலெக்ட்ரான் வோல்ட் அளவில் ஒரு கதிர் வந்த திசையைச் சில பாகைகளுக்குள்தான் சொல்ல முடியும். முழுநிலவின் அகலமோ அரைப் பாகைதான். போதாக்குறைக்கு, பால்வீதி முழுவதும் தானும் காமாக் கதிரில் மினுங்குகிறது. இந்த இரைச்சலைப் பிரித்தெடுக்க நான்கு ஆண்டுத் தரவுகள் தேவைப்பட்டன. 2013 பிப்ரவரியில் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வெளியானது. ஐ.சி. 443, டபிள்யூ 44 இரண்டிலும் அதே சரிவு. வெடித்த விண்மீனின் எச்சத்தில் புரோட்டான்கள் வேகமேறுகின்றன என்பது உறுதியானது. ஹெஸ் பலூனில் ஏறி நூறாண்டு கடந்திருந்தது.

எல்லா எச்சங்களும் இவ்வளவு நேராகப் பேசுவதில்லை. விருச்சிகத்தில் ஆர்.எக்ஸ். ஜே1713 என்ற எச்சம் இருக்கிறது. கி.பி. 393-இல் சீனர்கள் குறித்துவைத்த ‘விருந்தாளி விண்மீன்’ இதுவாக இருக்கலாம் என்கிறார்கள். நமீபியாவின் மேட்டு நிலத்திலுள்ள, ஹெஸ் பெயரையே தாங்கிய தொலைநோக்கிகள் 2004-இல் இதன் காமாக் கதிர் உருவத்தைப் படமாகத் தந்தன. மிகுந்த ஆற்றலுள்ள காமாக் கதிர் வளிமண்டலத்தில் மோதும்போது துகள் மழை பெய்து, நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும் நீல மின்னல் எழும். செரன்கோவ் ஒளி என்று பெயர். தரையில் நிற்கும் தொலைநோக்கிகள் அதைத்தான் படம் பிடிக்கின்றன. ஆனால் ஜே1713-இன் கதிர்கள் புரோட்டானுடையவையா எலெக்ட்ரானுடையவையா என்ற வழக்கு நெடுங்காலம் நீண்டது. 2021-இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகக் குழு, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு புரோட்டான்கள், ஒரு பங்கு எலெக்ட்ரான்கள் என்று பிரித்துக் காட்டியது.

பெரிய கேள்வி இன்னும் நிற்கிறது. காஸ்மிக் கதிர்களில் ஒரு புரோட்டானின் ஆற்றல் 3,000 டெரா எலெக்ட்ரான் வோல்ட் வரையும் அதற்கு மேலும் போகிறது. ஒரு டெரா எலெக்ட்ரான் வோல்ட் என்பது பறக்கும் கொசுவின் இயக்க ஆற்றல். அதில் மூவாயிரம் மடங்கை ஒற்றைப் புரோட்டான் சுமக்கிறது. அந்த அளவுக்குச் சூப்பர்நோவா எச்சங்களால் தள்ள முடியுமா? சுமார் 350 வயதே ஆன இளம் எச்சமான காசியோப்பியா ஏ மீது நம்பிக்கை இருந்தது. ஸ்பெயினின் லா பால்மா தீவிலுள்ள மேஜிக் தொலைநோக்கிகள் அதை 2017-இல் அளந்தபோது, காமாக் கதிர்கள் 3.5 டெராவுக்கு அருகிலேயே தேய்ந்துவிட்டன. ஏமாற்றம்தான். 2021-இல் சீனாவின் லாசோ ஆய்வகம் 1,400 டெரா வரை ஆற்றலுள்ள காமாக் கதிர்களை அனுப்பும் 12 இடங்களைக் காட்டியது. அவற்றில் புரோட்டானின் பங்கு எவ்வளவு என்று இப்போது தேடுகிறார்கள். இந்தத் தேடலில் ஊட்டிக்கும் பங்குண்டு. அங்குள்ள டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம், ஆற்றல் கூடக் கூடப் புரோட்டான்கள் குறையும் போக்கு 166 டெரா அருகே மாறுவதை 2024-இல் அறிவித்தது. ஒரே விதமாகச் சரியும் என்ற பழைய எதிர்பார்ப்பு அங்கே பொருந்தவில்லை.

தை மாதத்தில் இரவு ஒன்பது, பத்து மணிக்கு மொட்டை மாடிக்குப் போங்கள். சிவந்து தெரியும் திருவாதிரையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து வடக்கே, நீட்டிய கையின் ஒன்றரை முஷ்டி அகலம் தள்ளிப் பாருங்கள். மிதுனத்தின் பாதத்தில், ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே இருக்கிறது ஜெல்லிமீன் முகில். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, தெரிந்தால் முழுநிலவைவிட அகலமாகத் தெரியும். 2008 ஜூன் 11 அன்று ஏவப்பட்ட ஃபெர்மி, முழு வானத்தையும் திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்க்கும்போது அந்த இடத்தையும் பார்த்துவிட்டுப் போகிறது.