மாத்திரை அட்டையும் ஓ.பி. சீட்டும்

மாலா-டி என்றால் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை என்றுதான் ஊருக்குத் தெரியும். திருநங்கையர் வட்டாரத்தில் அதற்கு வேறொரு உபயோகமும் உண்டு. மார்பு வளரும், முகத்து முடி குறையும் என்று மூத்தவர் சொல்ல, இளையவர் மெடிக்கலில் நாலைந்து அட்டை வாங்கி விழுங்கத் தொடங்குவார். எத்தனை போடுவது? "எனக்கு மூணு ஒத்துக்கிச்சு மகளே, நீயும் போடு." இதுதான் மருந்துச்சீட்டு.

அந்த அட்டையின் 28 மாத்திரைகளில் 21 மட்டுமே ஹார்மோன். மீதி 7 இரும்புச்சத்து. ஹார்மோன் மாத்திரையில் இருப்பது எத்தினில் எஸ்ட்ராடியால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன், 0.03 மில்லிகிராம். கருத்தடைக்கு அது போதும். அதையே மூன்று நான்காகப் பெருக்கினால் காலில் ரத்தக்கட்டி உண்டாகி நுரையீரலுக்கு ஏறும் ஆபத்தும் பெருகும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்னும் மோசம். அதனால்தான் மருத்துவ வழிகாட்டிகள் இதை விலக்கிவிட்டு, உடலே சுரக்கும் வகையான எஸ்ட்ராடியாலைப் பரிந்துரைக்கின்றன. ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐ அழையுங்கள். என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதை மருத்துவமனையில் மறைக்காதீர்கள்.

முறையான சிகிச்சைக்கும் இப்படித் தானாக விழுங்குவதற்கும் உள்ள வித்தியாசம் ரத்தப் பரிசோதனை. முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை பார்த்து, அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ மருத்துவர் வேலை. டெஸ்டோஸ்டிரோனை அடக்க ஸ்பைரனோலாக்டோன் எடுப்பவருக்குப் பொட்டாசியம் ஏறலாம். அதே வேலைக்கான சைப்ரோடிரோனை அதிக அளவில் பல வருடம் எடுத்தால் மூளை உறையில் கட்டி வரும் ஆபத்து கூடுகிறது என்பதால் 2020-இல் ஐரோப்பிய மருந்து முகமை அதன் பயன்பாட்டுக்கு வரம்பு விதித்தது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடும் திருநம்பிகளுக்குச் சிவப்பணுக்கள் மிகுந்து ரத்தம் கெட்டியாகலாம். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமட்டோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டவிடக் கூடாது. மாதவிடாய் நின்றுவிட்டாலும் கருத்தரிக்க வாய்ப்பு உண்டு என்பதையும் அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. கனத்த குரல், ஊசியை நிறுத்தினாலும் பழையபடி திரும்பாது. பிள்ளை பெறும் எண்ணம் இருப்பவர்கள் விந்தணு, கருமுட்டை சேமிப்பைப் பற்றி ஹார்மோன் தொடங்குவதற்கு முன்பே கேட்பது நல்லது.

என்னைக் கேட்டால், அதிகம் கவனிக்கப்படாதது வேறொன்று. நிர்வாணம், அதாவது ஆணுறுப்பு நீக்கம், முடிந்ததும், அது சடங்காகச் செய்யும் மூத்த திருநங்கையான தாயம்மா கையால் நடந்திருந்தாலும் மருத்துவமனையில் நடந்திருந்தாலும், "இனி மாத்திரை எதுக்கு?" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். விரைகளை எடுத்தபின் உடலில் பாலியல் ஹார்மோன் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. வருடக்கணக்கில் அப்படியே விட்டால் எலும்பு தேயும். நாற்பது வயதில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிவதை விதி என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அறுவைக்குப் பின் டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் மருந்து தேவையில்லை, ஈஸ்ட்ரோஜன் தேவை.

இதெல்லாம் காசுள்ளவர்களுக்கு மட்டுமான சங்கதி அல்ல. திருநர்களுக்கு மருத்துவமனைகளில் உரிய சிகிச்சை கிடைக்க அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்று நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, ஹார்மோன் சிகிச்சையையும் அதற்கு முன்னும் பின்னுமான ஆலோசனையையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சிகிச்சையை மறுப்பதும் பாதியில் நிறுத்துவதும் பாகுபாடு என்கிறது 3-ஆவது பிரிவு. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் திருநர் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன.

ஆனாலும் ஓ.பி. சீட்டு வாங்கும்போதே, ஆண்கள் வரிசையா பெண்கள் வரிசையா என்ற ஏளனம் தொடங்கிவிடுகிறது. "எனக்கு இந்த சிகிச்சை தெரியாதம்மா" என்று ஒரு மருத்துவர் ஒப்புக்கொண்டால் அது குற்றமல்ல. தெரிந்த இடத்துக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதித் தரக் கேளுங்கள். "மனசை மாத்திக்கோ, குணப்படுத்திடலாம்" என்பவர் கதை வேறு. அப்படி மாற்ற முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடைசெய்தது. தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

அரசு மருத்துவமனையில் மறுத்தால் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். காசு வாங்கிய தனியார் மருத்துவமனையில் கவனக்குறைவு நேர்ந்தால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டுக்கும் ஆதாரம் வேண்டும். உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர் நடத்தை விதி. வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் இலவச சட்ட உதவிக்கு 15100.

பழைய அட்டைகளைத் தூக்கி எறியாமல் முதல் தடவை மருத்துவரிடம் போகும்போது பையில் எடுத்துப் போங்கள். காசநோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் அதையும் சேர்த்துக் காட்டுங்கள்: அதிலுள்ள ரிஃபாம்பிசின், ஹார்மோன் அளவை இறக்கிவிடும். வேலை செய்யவில்லையே என்று நீங்களாக இரண்டு மாத்திரை கூட்டிப் போடுவது அங்கேதான் ஆரம்பிக்கிறது.