சிசுக்களின் மூச்சிளைப்பும் அவர்தம் வருங்காலமும்

நாம் எண்ணாமலே செய்யும் தொழில்கள் யாவற்றினும் தலையாயது மூச்சு விடுதல். பால் குடிக்கும் சிசுவொன்று அதனையே பெரும் உழைப்பாகக் கொண்டு, விலாப்புறம் உட்குழிய இரவும் பகலும் இளைக்குமாயின், பெற்றோர் படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ? சளியென்று கருதிக் கொடுத்த மருந்துகளுக்கு அடங்காத இவ்விளைப்பிற்குச் சிற்சில சமயங்களில் அரியதொரு நோய்த்தொகுதி காரணமாயிருப்பதுண்டு. அக்குழந்தைகள் பின்னாளில் என்னாவர் என்பதை இங்கு ஆராயப் புகுகின்றோம்.

நுரையீரல் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகளால் ஆயது. அவற்றின் மெல்லிய சுவர்களில் ஓடும் இரத்தம் காற்றினின்று பிராணவாயுவைக் கவர்கின்றது. இச்சுவர்களும் இவற்றை அடுத்த பகுதிகளும் செவ்வனே அமையாவிடின், பிராணவாயு இரத்தத்தை அடைதல் தடைப்படும். இவ்வகைக் கேடுகளை நுரையீரல் இடைத்திசு நோய்கள் என்பர். புறத்தோற்றத்தில் இவை யாவும் ஒன்றுபோலவே காணப்படும்; முடிவிலோ பெரிதும் வேறுபடும். மூன்று உதாரணங்களால் இதனை விளக்குவோம்.

காற்றறைகளின் உட்புறத்தில் ஒரு மெல்லிய படலம் உண்டு. சவர்க்காரம் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதுபோல, இப்படலமும் இழுவிசையைக் குறைத்து, மூச்சை வெளிவிடுந்தோறும் அறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாதவாறு காக்கின்றது. இதற்கு இன்றியமையாத 'பி' என்னும் புரதம் பிறவியிலேயே அமையாமற் போவதுண்டு என்பது 1993-இல் வெளியாயிற்று. இக்குறையுடைய குழந்தை நிறைமாதத்திற் பிறந்தும் விரைவில் இளைக்கத் தொடங்கும். நுரையீரல் மாற்றுச் சிகிச்சை செய்யாவிடின், பெரும்பாலும் சில மாதங்களுக்குள் இறந்துபடும்.

இரண்டாவது, அப்படலத்திற்குரிய கொழுப்புப் பொருளை அணுக்களுக்குள் சேர்த்து வைக்கும் 'ஏ.பி.சி.ஏ. 3' என்னும் மரபணுவின் பழுது. சிசுக்களிடத்து இது 2004-இல் அறியப்பட்டது. தாய்வழி வந்ததும் தந்தைவழி வந்ததும் முற்றும் செயலற்றனவாயின், முதலாண்டைக் கடத்தல் அரிது. சிறிதளவு செயல் எஞ்சியிருப்பின், சிலர் வாலிபப் பருவத்தையும் எட்டுகின்றனர்.

மூன்றாவது, 2005-இல் அமெரிக்க மருத்துவர்கள் விவரித்த நோய். இதில் மூச்சுக்குழல்களின் சுவரிலுள்ள நரம்புச் சுரப்பணுக்கள் என்பவை மிகுந்திருக்கும். அதனைத் தவிர, உருப்பெருக்கிக் கண்ணாடியில் நுரையீரல் ஏறக்குறைய இயல்பாகவே தோன்றும். ஸ்டிராய்டு மருந்துகளால் இதற்குப் பெரும்பாலும் பயனில்லை. இளைப்பினால் பாலருந்துதல் குன்றி உடல் மெலியுமாதலின், போதிய ஊட்டமும் பிராணவாயுவுமே இதற்கு உற்ற துணை. மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ பிராணவாயு வேண்டப்படினும், பெரும்பாலார் படிப்படியாக அதனை விட்டு நீங்குகின்றனர். பிறந்த பின்னரும் காற்றறைகள் புதியனவாகத் தோன்றி, நுரையீரல் வளர்தலும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஆயினும் சிலர்க்குப் பள்ளிப் பருவத்திலும் ஓடியாடுங்கால் இளைப்பும், ஆஸ்துமாவை ஒத்த மூச்சுத் தடையும் எஞ்சி நிற்கும்.

ஆகவே, நோயின் பெயரைச் சரிவர அறிதல் வீண் ஆராய்ச்சியன்று. மூன்றாவது நோயென்று துணிந்தால், பயனற்ற மருந்துகளையும் வீண் அச்சத்தையும் தவிர்க்கலாம், பலரிடத்து சி.டி. படத்தின் சாயலே போதியதாதலின், நுரையீரலை அறுத்துச் சோதித்தலும் வேண்டாவாகின்றது. முதலிரண்டில் ஒன்றாயின், மாற்றுச் சிகிச்சையைப்பற்றிக் காலத்தே முடிவு செய்யலாம். மேலும், பெற்றோர் இருவரும் பழுதுற்ற மரபணு ஒன்றைச் சுமப்பவராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்நோய் நேரும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்பதையும் அவர்க்கு உணர்த்தலாம். 2013-இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கத்தார் இந்நோய்களை ஒழுங்காக ஆராயும் முறையை வகுத்து வெளியிட்டதும் இக்கருத்துப் பற்றியே.

நம்முள் ஆசிரியத் தொழிலை மேற்கொள்வோர் பலர். விளையாட்டு வெளியில் இரண்டு சுற்று ஓடியவுடன் நின்றுவிடும் சிறுவனைச் சோம்பேறி என்று கடியுமுன், அவன் மூச்சைச் சிறிது உற்று நோக்குவோமாக. பால பருவத்தில் ஒவ்வொரு மூச்சையும் போராடிப் பெற்றவன் அவன் ஆகலாம்.