ஏரிக்கரை மாளிகையில் ஓர் இரவு

"இரண்டு பெண்கள் தனியாகக் காட்டுக்குள் போய் இரவு தங்குவதா? உங்களுக்கு வேறு வேலை இல்லையா?"

மதுரையில் உறவினர் வீட்டுத் திருமணம் முடிந்த மறுநாள், நானும் மச்சாளும் தேக்கடிக்குப் போகிறோம் என்றதும் எங்களுக்குக் கிடைத்த பதில் இதுதான். யானை, புலி, அட்டை, படகு என்று ஆளுக்கொரு பயத்தை எடுத்து முன்னால் வைத்தார்கள். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய மச்சாளின் மகனும் இதையே கேட்டான். "இருபத்தாறு வருஷமாக நான் உனக்குச் சமைக்கிறேன். ஒரு நாளைக்கு எனக்கு யாராவது சமைத்துத் தரட்டும்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார் மச்சாள்.

தேனி, கம்பம் வழியாகப் பேருந்தில் போனோம். கம்பம் பள்ளத்தாக்கில் வழியெல்லாம் திராட்சைத் தோட்டங்களும் நெல் வயல்களும். மலை ஏறும் இடத்தில் பெரிய இரும்புக் குழாய்கள் செங்குத்தாக இறங்குகின்றன. நாங்கள் போய்ச் சேர வேண்டிய ஏரியின் தண்ணீர்தான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, இந்தக் குழாய்களில் இறங்கி மின்சாரம் தந்துவிட்டு வயலுக்குப் போகிறது. மலை உச்சியில் குமுளி. அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிறது.

பெரியாறு ஏரி இயற்கையாக அமைந்ததல்ல. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றை மறித்து, வறண்டு கிடந்த மதுரைப் பக்கத்துக்குத் திருப்புவதற்காக, பொறியியலாளர் பென்னி குயிக் தலைமையில் முல்லைப் பெரியாறு அணை கட்டப்பட்டது. 1887இல் தொடங்கிய வேலை 1895இல் முடிந்தது. அணைக்குப் பின்னால் சுமார் 26 சதுர கிலோமீற்றர் நீர் தேங்கியது. அதில் மூழ்கிய காட்டின் மரங்கள், நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் கறுத்த கட்டைகளாகத் தண்ணீருக்கு மேல் நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன.

நாங்கள் தங்கியது எடப்பாளையம் ஏரி மாளிகையில். திருவிதாங்கூர் மன்னர்கள் கோடையில் வந்து தங்குவதற்காகக் கட்டிய மாளிகை அது. இன்று கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அதை விடுதியாக நடத்துகிறது. மூன்று பக்கமும் தண்ணீர், பின்னால் காடு. படகில்தான் போக வேண்டும்; இருபது நிமிடப் பயணம். ஏறியதுமே உயிர்காப்பு அங்கியை அணியச் சொன்னார்கள். 2009 செப்டெம்பர் 30ஆம் திகதி இதே ஏரியில் சுற்றுலாப் படகொன்று கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அதை நினைத்துக்கொண்டே மச்சாளின் அங்கியின் பட்டியை நான் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.

மாளிகை என்றதும் பளிங்குத் தூண்களைக் கற்பனை செய்யாதீர்கள். ஓட்டுக்கூரை, அகன்ற விறாந்தை, பழைய மரத் தளபாடங்கள், ஒரு சில அறைகள், அவ்வளவுதான். செலவு எங்கள் கைக்குச் சற்றுக் கூடுதலே. இருவரும் பங்கு போட்டுக்கொண்டதால் சமாளித்தோம்.

பின்னேரம் விறாந்தையில் தேநீருடன் அமர்ந்திருந்தபோது எதிர்க்கரையில் யானைகள் இறங்கின. ஐந்து பெரியவை, இரண்டு குட்டிகள். நமக்கு யானை புதிதல்ல. ஆனால் அதற்குப் பின் வந்தது புதிது. உடம்பெல்லாம் கறுத்து, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல் நாலைந்து காட்டெருதுகள். இலங்கைக் காடுகளில் இன்று இல்லாத விலங்கு அது. மச்சாள் தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடியே இருந்தார், தேநீர் ஆறிப்போனது.

இருட்டிய பிறகு வெளியே இறங்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. இரவில் எங்கோ ஒரு மரை பலமாகக் கத்தியது. நாம் மரை என்பதை அங்கே மிளா என்கிறார்கள். புலியைக் கண்டால் அது அப்படிக் கத்தும் என்று விடுதிப் பணியாளர் ஒருவர் சொல்லியிருந்தார். நாங்கள் இருவரும் ஒரே கட்டிலில் போர்வைக்குள் சுருண்டுகொண்டோம். பயமா என்றால் பயம்தான். ஆனால் திருமண வீட்டில் சொன்ன பயம் வேறு, இது வேறு. இந்தக் காடு உயிரோடு இருக்கிறது என்று தெரிந்ததால் வந்த பயம் இது.

அந்தக் காடு எப்படி உயிரோடு இருக்கிறது என்பதை மறுநாள்தான் அறிந்தேன். 1934இல் திருவிதாங்கூர் மன்னர் இதன் ஒரு பகுதியைச் சரணாலயமாக அறிவித்தார். 1978இல் புலிகள் காப்பகமானது. சட்டம் வந்ததால் மட்டும் மரம் வெட்டுவது நின்றுவிடவில்லை. காட்டுக் கறுவாப்பட்டையையும் சந்தனத்தையும் திருட்டுத்தனமாக வெட்டிப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வனத்துறை, பட்டை உரித்தவர்களையே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாற்றியது. அவர்களுக்கு வருமானம் கிடைத்தது. காட்டுக்குக் காவல் கிடைத்தது.

ஆனால் என்னை அதிகம் தொட்டது குமுளியின் பெண்கள் கதை. சந்தன மரங்கள் களவு போவதைக் கண்டு, 2002இல் அவர்கள் 'வசந்த சேனை' என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்யும் சாதாரணப் பெண்கள் அவர்கள். முறை வைத்து, நாளுக்கு ஐந்தாறு பேராகக் காட்டுக்குள் நடந்து காவல் செய்தார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது.

காலையில் படகால் இறங்கிக் குமுளிக்கு நடந்து வரும்போது, அந்தக் குழுவில் பல வருடம் நடந்த ஓர் அம்மாவைச் சந்தித்தோம். கூலியில்லாமல் ஏன் போனீர்கள் என்று கேட்டேன்.

"காடு போனா மழை போகும், தண்ணி போகும். அப்புறம் குடத்தைத் தூக்கிக்கிட்டு அலையறது யாரு? நாங்கதானே?" என்றார்.

"வீட்டில் ஒன்றும் சொல்லவில்லையா?" என்று கேட்டார் மச்சாள்.

"சொல்லாம இருப்பாங்களா? பொம்பளைங்களுக்குக் காட்டுல என்ன வேலைன்னுதான் கேட்டாங்க. ஒரு மாசம் கேட்டாங்க. அப்புறம் நாங்க போற நாள்ல அவங்களே அடுப்பு மூட்டினாங்க."

மச்சாளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். எங்களிடம் கேட்ட அதே கேள்வி! நாங்கள் ஓர் இரவுக்காகக் கேட்ட கேள்வியை, அவர்கள் ஊருக்கே தண்ணீர் வேண்டுமென்று நடந்ததற்காகக் கேட்டிருக்கிறார்கள்.

அரசர் ஓய்வெடுக்கக் கட்டிய மாளிகையில் நாங்கள் ஒரு நாள் ஓய்வெடுத்தோம். அந்த விறாந்தையிலிருந்து பார்க்க இன்னும் ஏதாவது இருக்கிறதென்றால், அதில் அந்த அம்மாவின் கால்நடைக்கும் பங்கு உண்டு.

வாய்ப்புக் கிடைக்கும் சகோதரிகள் போய் வாருங்கள். முன்கூட்டியே பதிவு செய்து, பகல் வெளிச்சத்திலேயே படகுத்துறையை அடைந்துவிடுங்கள். மழைக்காலமென்றால் அட்டைக்கு நீண்ட காலுறை அவசியம். பொலித்தீன் பைகளைக் கொண்டுபோகாதீர்கள்.

ஊர் திரும்பியதும் மச்சாளின் மகன், "தனியாகப் போய்ப் பயப்படவில்லையா அம்மா?" என்று கேட்டான். மச்சாள் அவனுக்குக் காட்டெருதின் வெள்ளைக் காலுறையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அன்று இரவுச் சமையல் அவனுடையது.