களத்துக்கு முன்பு வகுப்பறை

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. என்னும் சங்கம் 1983-இல் நிறைவேற்றி 1986-இல் நடைமுறைப்படுத்திய ‘முன்மொழிவு 48’, முதலாண்டு வீரர் களமிறங்குவதற்குப் பள்ளியின் 11 அடிப்படைப் பாடங்களில், நான்கு புள்ளி அளவுகோலில் 2.0 என்ற சராசரியையும், எஸ்.ஏ.டி. போன்ற பொதுத் தேர்வில் குறைந்தபட்ச மதிப்பெண்ணையும் கட்டாயமாக்கியது. இத்தேர்வு கறுப்பின மாணவர்களுக்கும் ஏழைகளுக்கும் பாதகமானது என்ற கண்டனம் உடனே எழுந்தது. தகுதி குறைந்தோரின் உதவித்தொகையையும் நிறுத்த 1989-இல் முடிவெடுக்கப்பட்டபோது, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் தாம்சன் ஆட்டம் தொடங்குமுன் களத்தைவிட்டு வெளியேறித் தம் எதிர்ப்பைக் காட்டினார். ஆயினும் தேர்வு நிபந்தனை 2023-இல்தான் கைவிடப்பட்டது.

பெரும் பல்கலைக்கழகங்கள் மோதும் முதல் பிரிவில் சேர இன்று 16 பாடங்களும் 2.3 சராசரியும் வேண்டும். சேர்ந்த பின்னரும் சோதனை தொடர்கிறது: பட்டத்துக்குரிய பாடச்சுமையில் இரண்டாம் ஆண்டு முடிவில் 40, மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 விழுக்காட்டை முடித்திருக்க வேண்டும். படிப்பைக் காக்கும் நோக்கில் பிறந்த இவ்விதி, துறை மாறினால் முடித்த பாடங்கள் கணக்கில் சேராமற்போகும் என்ற அச்சத்தால், விரும்பிய துறையை விட்டு எளிய துறையிலேயே வீரரைத் தங்கவைத்துவிடுவதும் உண்டு.

தனிவீரரோடு அணியும் அளக்கப்படுகிறது. வீரர்கள் தகுதியிழக்காமலும் இடையில் விலகாமலும் இருப்பதை 1000 புள்ளிகளில் கணிக்கும் ‘கல்வி முன்னேற்ற வீதம்’ 930-க்குக் கீழே இறங்கினால் பருவ இறுதிப் போட்டிகள் அணிக்கு மூடப்படும்; இவ்வாறு 2013-இல் தடைபட்ட கனெக்டிகட் ஆடவர் கூடைப்பந்து அணி, மறு ஆண்டே தேசியச் சாம்பியனானது.