ஆடு தேறிய நாளும் கறி தெளிந்த நாளும்

"அண்ணே, ஊசி போட்டு நாலு நாள் ஆச்சு. ஆடு துள்ளிக்கிட்டு நிக்குது. பக்ரீத்துக்கு அர்பாப் அதையே அறுக்கச் சொல்றார். அறுக்கலாம்ல?"

கேட்டவர் ராமநாதபுரத்துக்காரர். அஜ்மானைச் சேர்ந்த மனாமா பக்கம் ஒரு மசராவில், அதாவது பண்ணையில், ஆடு பார்க்கிறார். அர்பாப் என்றது அவருடைய முதலாளியை. டவுனுக்கு வந்தால் கேப்டீரியாவில் ஆளுக்கொரு கடக் சாயாவோடு உட்காருவோம். "கூடாது" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் காரணம் தெரியாத தடையை யாரும் ரொம்ப நாள் மதிப்பதில்லை. அதனால் ஊசி போன வழியே நாங்களும் போய்ப் பார்த்தோம்.

அவர் போட்டது ஆக்ஸிடெட்ராசைக்ளின். 1950-இல் ஃபைசர் கம்பெனி டெர்ராமைசின் என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து எடுத்த மருந்து. அவர் கையில் இருந்தது அதில் நீண்ட நேரம் வேலை செய்கிற வகை, ஒரு மில்லிக்கு 200 மில்லிகிராம். வழக்கமான அளவு ஆட்டின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம். 30 கிலோ கிடா என்றால் 3 மில்லி, அதாவது 600 மில்லிகிராம். இந்த 600-ஐ மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஊசி போட்டதும் மருந்து ரத்தத்துக்கு ஓடிவிடும் என்றுதான் நினைக்கிறோம். இந்த வகையில் அது நடப்பதில்லை. பாட்டிலில் மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் திரவம் தசைக்குள் போனதும் உடம்பு நீரோடு கலந்து விலகிவிடும். மருந்து பொடிப்பொடியாக அங்கேயே படிந்துவிடும். கலக்காமல் விட்ட சாயாவில் அடியில் தங்கும் சர்க்கரையைப்போல. மேலே குடிக்கக் குடிக்க இனிப்பு கொஞ்சம்தான். அடியில் கிடப்பதோ கெட்டியாக அப்படியே இருக்கும். தசையில் படிந்தது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ரத்தத்தில் ஏறி, நுரையீரலுக்கும் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டும் குணம் இருப்பதால் எலும்பிலும் போய் உட்காருகிறது. பால் ஆடாக இருந்தால் பாலிலும் இறங்கும். ஒரு பகுதி பித்தத்தோடு குடலுக்குப் போய்ச் சாணத்தில் கழியும். மற்றபடி முக்கிய வாசல் சிறுநீர்தான்.

இதே மருந்தை நரம்பில் நேராக ஏற்றினால் ரத்தத்தில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாதிபாதியாகக் குறைந்துவிடும். அப்படியென்றால் ஆட்டின் சிறுநீரகம் சோம்பேறியில்லை. தாமதமெல்லாம் ஊசி போட்ட இடத்தில். அங்கிருந்து கரைந்து வந்தால்தானே கழிக்க முடியும்?

தாமதம் தற்செயலும் அல்ல, வேண்டுமென்றே செய்தது. 1941-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் என்ற போலீஸ்காரருக்குப் பெனிசிலின் போட்டார்கள். சிறுநீரகம் அதை அவ்வளவு வேகமாக வெளியே தள்ளியது. மருந்து தட்டுப்பாடு வேறு; அவருடைய சிறுநீரைச் சேர்த்து, அதிலிருந்து பெனிசிலினைப் பிரித்தெடுத்து மறுபடியும் போட்டார்கள். தேறி வந்தவர், மருந்து தீர்ந்துபோய் இறந்துவிட்டார். அதன் பிறகுதான் பெனிசிலினோடு புரொக்கெயின் சேர்த்து, தசையில் மெதுவாகக் கரையும்படி செய்தார்கள். ஆக்ஸிடெட்ராசைக்ளினை நீட்டியதும் அந்த வழிதான். ஒரே ஊசியில் ஏறக்குறைய மூன்று நாளைக்கு ரத்தத்தில் போதுமான மருந்து இருக்கும். ஆட்டைத் தினமும் துரத்திப் பிடிக்க வேண்டாம். அறுப்புக்குக் காத்திருக்கும் நாள்கள் அந்தச் சௌகரியத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்றுதான் நான் பார்க்கிறேன்.

"மருந்து ஆயிரத்துல ஒரு பங்கா குறைஞ்சிட்டா போதாதா?" என்றார். கணக்குப் போட்டோம். 600 மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 600 மைக்ரோகிராம். அது ஆடு முழுக்கப் பரவியிருந்தால் பயமில்லை. ஆனால் அத்தனையும் ஊசி போட்ட இடத்தில், கால் கிலோ கறிக்குள் கிடந்தால்? கிலோவுக்கு 2400 மைக்ரோகிராம். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு இந்த மருந்துக்குத் தசைக்கறியில் அனுமதிக்கும் அளவு கிலோவுக்கு 200. ஈரலுக்கு 600, சிறுநீரகத்துக்கு 1200. எங்கள் கணக்கு மோசமான நிலையை வைத்துப் போட்டதுதான். ஆனாலும் அந்தக் கால் கிலோ யாரோ ஒருவருடைய தட்டுக்குத்தானே போகும்?

அதனால்தான் தொடையில் போடாமல் கழுத்தில் போடச் சொல்கிறார்கள். மந்திச் சோற்றுத் தட்டில் எல்லாரும் கை நீட்டுவது தொடைக்கறிக்கு. அவர் போட்டிருந்ததும் தொடையில்தான். பிடிக்க அதுதான் வசதியாம்.

பல லேபிள்களில் இந்த நீண்டநாள் வகைக்கு 28 நாள் காத்திருக்கச் சொல்லியிருக்கும். தயாரிப்புக்கு ஏற்ப மாறும். கையிலிருக்கும் பாட்டிலில் போட்டிருப்பதுதான் கணக்கு. வெள்ளாட்டுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. நிறைய மருந்துகளில் மாட்டுக்கும் செம்மறிக்கும்தான் நாள் எழுதியிருக்கும். வெள்ளாட்டின் ஈரல் சில மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாகச் சிதைக்கும். குடற்புழு மருந்தைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டி வருவது அதனால்தான். அதை நம்பி நாளைக் குறைத்துவிடக் கூடாது. ஆக்ஸிடெட்ராசைக்ளின் பெரும்பாலும் ஈரலில் சிதையாமல் அப்படியேதான் வெளியேறுகிறது. வெயில் காலம் இன்னொரு சங்கதி. தண்ணீர் போதாத ஆட்டின் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையும், கழிவதும் தாமதமாகும். ஆகஸ்டில் மனாமா வெயில் எப்படியிருக்கும் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"அறுக்குற இடத்துலதான் டாக்டர் பாக்குறாங்களே?" பார்க்கிறார்கள். அறுக்கும் முன் ஆட்டின் நடை, மூச்சு. அறுத்த பின் நுரையீரல், ஈரல், நெறிகட்டி. ஆனால் மைக்ரோகிராம் கணக்கில் மிஞ்சிய மருந்து கண்ணுக்குத் தெரியாது, வாடையும் இல்லை. ஆய்வகத்தில் சோதித்தால்தான் தெரியும். வேகவைத்தால் போய்விடும் என்பதையும் நம்ப முடியாது. சூடு கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

அர்பாப்பிடம் என்ன சொல்வது என்று யோசித்தார். வேறு கிடாவைக் காட்டிவிட்டு, இந்த ஆட்டின் காது நம்பரையும் ஊசி போட்ட தேதியையும் கொட்டகைக் கதவில் மார்க்கரால் எழுதி வைக்கச் சொன்னேன்.

"தினமும் போடுற சாதா ஊசின்னா சீக்கிரம் போயிடுமா?"

நீண்டநாள் வகையைவிடச் சீக்கிரம்தான், பாட்டிலில் உள்ள நாள் வரைக்கும் அதற்கும் காத்திருக்கணும், டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள் என்றேன். ஆனால் நாலு நாள் காலையில் அதே ஆட்டைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

"அந்தக் கிடாவையா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.