ஒரே ஒரு 'இல்லை'! ரூ.25 ஆயிரம் போயிற்று!

"டாக்டரிடம் வைத்தியம் செய்துகொண்டது உண்டா?" என்று இன்சூரன்சு மனுவில் ஒரு கேள்வி. "இல்லை" என்று அதற்குப் பதில்.

அந்த ஒரு சொல்லால் ரூ.25 ஆயிரம் கைக்கு வராமல் போயிற்று. அந்தக் காலத்தில் அது பெரும் பணம்!

மனுவில் அப்படிச் சொன்னவர் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்தவர். 1945-ல் பாலிசி எடுத்தார். 1946 நவம்பரில் இறந்துபோனார்.

கம்பெனி துப்பு துலக்கியது. 1943-ல் அவர் ஒரு டாக்டரிடம் வைத்தியம் செய்துகொண்டது தெரிந்தது. ரத்தசோகை, காலில் வீக்கம், வயிற்றுப்போக்கு, மூச்சு வாங்குதல். மனுவில் இதில் ஒன்றுகூட இல்லை. "பணம் கிடையாது" என்று கம்பெனி கைவிரித்தது.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. தீர்ப்பு வந்தது 1962-ல். அதற்குள் அந்தக் கம்பெனியே எல்.ஐ.சி.யில் சேர்ந்துவிட்டது! கம்பெனி செய்தது சரி என்றார்கள் நீதிபதிகள். கட்டிய பிரிமியத்தையாவது கொடுங்கள் என்று கேட்டதும் பலிக்கவில்லை.

திண்ணையில் நடப்பது

இன்றும் இந்தத் தகராறு ஓயவில்லை. ஏஜெண்டு வீட்டுக்கு வருகிறார்.

"அண்ணே, சர்க்கரை இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு. மாத்திரை சாப்பிடுறேன்."

"அதை எழுதினா இழுத்தடிப்பாங்க. விடுங்க. இங்கே கையெழுத்துப் போடுங்க."

அண்ணன் போட்டுவிடுகிறார். படித்துப் பார்ப்பதில்லை. ஆனால், நிரப்பியது ஏஜெண்டு. பொறுப்பு கையெழுத்துப் போட்டவருக்கு!

பின்னால் ஆஸ்பத்திரியில் சேரும்போது டாக்டரிடம் யாரும் பொய் சொல்வதில்லை. "10 வருஷமாகச் சர்க்கரை" என்று நோயாளியே சொல்கிறார். அது ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏறுகிறது. கம்பெனி முதலில் வாங்கிப் பார்ப்பது அந்தச் சீட்டைத்தான். பதில் சொல்ல வேண்டியவள் மனைவி.

பாலிசி வந்ததும் மனுவின் நகலைப் படிக்கலாம். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

முதுகுவலியும் மாரடைப்பும்

எல்லா 'இல்லை'யும் பணத்தைப் பறிப்பதில்லை. ஒருவர் முதுகெலும்பு நோயைச் சொல்லாமல் விட்டார். இறந்ததோ மாரடைப்பால். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை, பணம் கொடு என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

இன்னொருவர் சர்க்கரை வியாதியை ஒளிக்காமல் எழுதி, அமெரிக்கப் பயணத்துக்கு இன்சூர் செய்தார். சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்திலேயே மாரடைப்பு! கொழுப்புக்குச் சாப்பிட்ட மாத்திரையைச் சொல்லவில்லை என்றது கம்பெனி. 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. சர்க்கரையைச் சொன்னவர் ஜெயித்தார்.

3 ஆண்டு கணக்கு

முன்பு, 2 ஆண்டு தாண்டினாலும் மோசடி என்று ருசுப்படுத்திக் கம்பெனி தப்பலாம். 1945 பாலிசியில் நடந்தது அதுதான். 2015-ல் சட்டம் மாறியது. ஆயுள் பாலிசி எடுத்து 3 ஆண்டு ஆகிவிட்டால், எந்தக் காரணம் சொல்லியும் கம்பெனி மறுக்க முடியாது. ஆனால், பிரிமியம் கட்டாமல் விட்டுப் புதுப்பித்தால், புதுப்பித்த நாளிலிருந்து கணக்கு மறுபடி தொடங்கும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

3 ஆண்டுக்குள் என்றால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மோசடி இல்லாத தவறு என்றால், கட்டிய பிரிமியத்தை 90 நாளில் திருப்ப வேண்டும். மோசடி என்று சொன்னால், இறந்தவர் மோசடி செய்யவில்லை என்று குடும்பம்தான் நிரூபிக்க வேண்டும். செத்தவர் சாட்சி சொல்ல வருவாரா? இது கடுமையான விதிதான்.

ஆஸ்பத்திரிச் செலவு பாலிசிக்கு 2024 முதல் 5 ஆண்டு கணக்கு. அங்கே மோசடிக்கு மன்னிப்பு இல்லை.

கம்பெனி மறுத்தாலும், ஒரு மாதம் பதிலே தராவிட்டாலும் இன்சூரன்சு குறைதீர்ப்பு அதிகாரியிடம் மனுச் செய்யலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை. வக்கீல் வேண்டாம். மறுத்த கடிதம் வந்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.