கொக்கி எதில் மாட்டியிருக்கிறது?

உயரத்தில் இரும்பு வேலை நடக்கும் கட்டுமானத் தளங்களில் வாசலிலேயே ஒரு கேள்வி கேட்பார்கள்: பெல்ட் போட்டாயிற்றா? தலைக்கவசம், ஷூ, உடம்பைச் சுற்றிய ஹார்னஸ், அதன் முதுகு வளையத்திலிருந்து தொங்கும் கயிறு, கயிற்று முனையில் கொக்கி. எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை, பதிவேட்டில் டிக் அடிக்க வசதியானவை. அந்தக் கொக்கி மேலே போய் எதில் மாட்டப்படுகிறது என்பது கீழே நிற்பவருக்குத் தெரிவதில்லை. பல இடங்களில் அதை முடிவு செய்பவர் பீமின் மேல் நிற்கும் தொழிலாளிதான். கைக்கு எட்டியதில் மாட்டிக்கொள்கிறார்: வயர் போகும் குழாய், கைப்பிடிக் கம்பி, இன்னும் முடுக்கி முடிக்காத போல்ட்டில் நிற்கும் பர்லின் (கூரைத் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்). மொத்தப் பாதுகாப்பையும் தாங்க வேண்டிய அந்த ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, கணக்குப் போட வசதியே இல்லாத இடத்தில் நிற்பவர் தலையில் விழுகிறது. இந்த ஏற்பாடு தலைகீழானது. கொக்கியை மாட்டும் பிடிமானப் புள்ளியான ஆங்கர் எங்கே, எப்படி இருக்க வேண்டும் என்பது இரும்பு பட்டறையை விட்டுக் கிளம்பும் முன்பே வரைபடத்தில் தீர்மானமாகிவிட வேண்டும்.

ஏன் என்பதற்கு எளிய கணக்கு போதும். 100 கிலோ எடையுள்ள ஒருவர் 1.8 மீட்டர் விழுந்தால், கயிறு இழுபடும் கணத்தில் அவர் வேகம் மணிக்கு 21 கிலோமீட்டர். அதற்கு ஆகும் நேரம் 0.6 விநாடி, எதையாவது எட்டிப் பிடித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை. அந்த வேகத்தை 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் உடம்பின் மீதும் ஆங்கரின் மீதும் விழும் விசை சராசரியாக 18 கிலோநியூட்டனைத் தாண்டும், அதாவது ஏறத்தாழ 1.9 டன். அதிர்ச்சி தாங்கும் பையுடன் கூடிய கயிறு என்றால், விசை ஏறும்போது பையின் தையல் வரிசையாகப் பிரிந்து ஆளை ஒரு மீட்டர் தூரத்தில் மெல்ல நிறுத்தும். சராசரி விசை 3 கிலோநியூட்டனுக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் உச்ச விசை சராசரியைவிடக் கூடுதல். ஐரோப்பியத் தரவிதி அதற்கு 6 கிலோநியூட்டன் என்று வரம்பு வைக்கிறது. இதையெல்லாம் கருதித்தான் அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி, ஓர் ஆளுக்கு ஓர் ஆங்கர் 5,000 பவுண்டு, அதாவது 22.2 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்கிறது. இல்லாவிட்டால் தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வையில் இரண்டு மடங்குப் பாதுகாப்புடன் கணக்கிட்டு அமைக்க வேண்டும். வயர் போகும் குழாய் இந்தப் பேச்சிலேயே வராது. கையால் இழுத்துப் பார்த்து ‘நல்லா இருக்கு’ என்பவரின் இழுப்பு இந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட நெருங்காது.

வலிமை மட்டும் இருந்தால் போதுமா? இடமும் சரியாக இருக்க வேண்டும், அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நிற்கும் பீமிலேயே, காலடியில் கொக்கியை மாட்டுவது இரும்பு வேலையில் சர்வசாதாரணம். முதுகு வளையம் காலிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆகவே 1.8 மீட்டர் கயிறு இறுகுவதற்குள் ஆள் 3.3 மீட்டர் விழுந்திருப்பார். பீமுக்குக் கீழே எவ்வளவு வெற்றிடம் வேண்டும் என்று கூட்டிப் பாருங்கள்: கயிறு 1.8, பிரியும் பை 1.1, வளையத்திலிருந்து பாதம்வரை 1.5, ஹார்னஸ் நெகிழ்வு 0.3, கைவசம் ஒரு மீட்டர். மொத்தம் 5.7 மீட்டர். அந்தப் பை 1.8 மீட்டர் விழுகைக்கென்று செய்யப்பட்டதாக இருந்தால் இதுவும் போதாது. ஒரு மாடியின் உயரமோ சுமார் 4 மீட்டர். கொக்கி மாட்டியிருந்தும், எதுவும் அறுந்துபோகாமலும், அவர் கீழ்த்தளத்தில் மோதுவார். அதே ஆங்கர் முதுகு வளையத்துக்கு ஒரு மீட்டர் மேலே இருந்தால் விழுகை 0.8 மீட்டராகக் குறையும். காலுக்குக் கீழே 3.2 மீட்டர் இருந்தாலே போதும். பக்கவாட்டில் விலகிப் போவதிலும் ஆபத்து இருக்கிறது. ஆங்கர் 3 மீட்டர் மேலே, ஆள் 4 மீட்டர் தள்ளி என்றால் கயிறு 5 மீட்டர். விழுந்தவர் ஊசலாடி 2 மீட்டர் தாழ்ந்து, மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் பக்கத்துத் தூணில் மோதக்கூடும். அதே 2 மீட்டர் நேராகத் தரையில் விழுவதற்கும் இதற்கும் வேகத்தில் வித்தியாசமில்லை.

இரும்புக்கென்று சில தனிச் சிக்கல்களும் உண்டு. பீமின் விளிம்பு நார்ப்பட்டையை அறுக்கும். பீமைச் சுற்றிப் பட்டை போடுவதானால் உராய்வைத் தாங்கும் உறை வேண்டும், விளிம்பில் விழுவதற்கென்று சோதிக்கப்பட்ட கயிறு வேண்டும். விளிம்புகளைக் கவ்விப் பீமின் மேல் நகர்ந்து வரும் ஆங்கர்கள் நல்ல கருவிகள்தாம், ஆனால் பீமின் அகலத்துக்குப் பொருந்த வேண்டும், பீமின் முனை திறந்திருந்தால் வழுக்கி வெளியேறாமல் தடை வேண்டும். எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது இரு தூண்களுக்கு நடுவே கட்டும் கம்பிவடம். துணி காயப்போடும் கொடியைப் போல விறைப்பாக இழுத்துக் கட்டினால்தான் உறுதி என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. 10 மீட்டர் வடம் சுமையேறிய நிலையில் நடுவில் 44 சென்டிமீட்டர் மட்டுமே தொய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் விழும் 6 கிலோநியூட்டன், ஒவ்வொரு முனையையும் 34 கிலோநியூட்டன் விசையோடு இழுக்கும். தொய்வு குறையக் குறைய இழுப்பு ஏறும். அந்த இழுப்பைத் தாங்காத தூண் என்றால் வடத்தில் மாட்டிய அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பிடிமானம் போகும்.

இவற்றில் எதையும் பீமின் மேல் நின்றுகொண்டு தீர்க்க முடியாது. பட்டறையில் தீர்க்கலாம். அமெரிக்காவில் 2001இல் வந்த இரும்புக் கட்டுமான விதி இதை ஓரளவு புரிந்துகொண்டது. வெளிச்சுற்றுத் தூண்கள் தளத்துக்கு மேல் 48 அங்குலம் நீண்டிருக்க வேண்டும், பாதுகாப்பு வடம் கோக்க 42 முதல் 45 அங்குல உயரத்திலும் அதன் நடுவிலும் துளையோ வேறு ஏற்பாடோ இருக்க வேண்டும் என்றது. துளைபோடும் இயந்திரத்துக்கு இன்னும் இரண்டு துளை ஒரு செலவே அல்ல. அதையே மேலே போய் வெல்டிங் செய்வதென்றால், ஆங்கர் பொருத்தவே ஓர் ஆள் ஆங்கர் இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும். செலவு அதிகம் என்னும் எதிர்வாதத்துக்கு இதுவே பதில்.

இதைவிடக் கனமான எதிர்வாதம் அனுபவசாலிகளிடமிருந்து வருகிறது. கிரேனில் தொங்கி வரும் பீமைத் தூணோடு பொருத்துபவர், அது திடீரென்று தன் பக்கம் ஆடினால் விலகி ஓட வேண்டும். கட்டிப்போட்டால் எப்படி ஓடுவார்? இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. அதே 2001 விதி, 15 முதல் 30 அடி உயரத்தில் பொருத்துபவர் மாட்டாமல் வேலை செய்ய இடம் கொடுத்தது, பயிற்சியும் கருவியும் கட்டாயம் என்ற நிபந்தனையோடு. ஆனால் அந்த அபாயம் சில நிமிடங்களுக்கு உரியது. போல்ட் முடுக்குவது, தகடு விரிப்பது, பெயின்ட் அடிப்பது, பீம்மேல் நடந்து போவது என நாளின் மிச்சத்துக்கு அந்த வாதம் செல்லாது. பீம் வரும் திசைக்கு எதிர்ப்புறம் விலகிச் செல்லும்படி ஆங்கரைத் தலைக்கு மேலே வைத்தால், அந்தச் சில நிமிடங்களிலும் சிக்கல் பெருமளவு தளரும். அதற்கும் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

தொழிலாளியின் கவனத்தை நம்பாத ஏற்பாடு பலன் தரும் என்பதற்குப் பழைய சான்று சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம். 10 லட்சம் டாலர் செலவுக்கு ஓர் உயிர் போகும் என்று பேசப்பட்ட காலம் அது. தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் பாலத்தின் அடியில் வலை விரித்தார். 19 பேர் அதில் விழுந்து பிழைத்தார்கள். ஆனால் 1937 பிப்ரவரி 17 அன்று 5 டன் எடையுள்ள வேலை மேடை ஒன்று பிடிவிட்டு வலையையும் கிழித்துக்கொண்டு போனது. 10 பேர் இறந்தார்கள். வலை ஆட்களுக்காக விரிக்கப்பட்டது, மேடைக்காக அல்ல.

தமிழ்த் தொழிலாளர்கள் பலர் வேலை செய்யும் சிங்கப்பூரில், 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்று விதி இருக்கிறது. கையெழுத்துச் சடங்காகிவிடும் அபாயம் அதிலும் உண்டு. ஆனாலும் ஆள் ஏறுவதற்கு முன் தரையில் நிற்கும் ஒருவர் ஆங்கரைப் பற்றிக் கேட்டாக வேண்டிய கட்டாயத்தை அது உண்டாக்குகிறது. அந்தச் சீட்டில் மீட்பையும் கேட்க வேண்டும். விழுந்தவர் ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் இரத்தம் கால்களில் தேங்கும். சீக்கிரம் இறக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. இறக்கப் போகிறவருக்கும் ஓர் ஆங்கர் வேண்டும், முதல் ஆள் தொங்கும் அதே ஆங்கர் அல்ல. வரைபடத்தில் ஒரு புள்ளி குறிக்கும் இடத்தில் பக்கத்திலேயே இன்னொன்றும் குறிக்க வேண்டியிருப்பது இதனால்தான். ஒரு விழுகையைத் தாங்கிய ஆங்கரையும் கயிற்றையும், விஷயம் தெரிந்தவர் சோதித்துச் சொல்லும்வரை அடுத்த ஷிப்டுக்குத் தரக்கூடாது.